சிவப்புப் பூசிய ஐம்பது தோட்டாக்கள்

வில்லோ ஏரி வேட்டை விடுதி, அலாஸ்கா
6 ஜூன் 1984, புதன்கிழமை

அன்புள்ள டார்லா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தபால் விமானம் பதினொரு மணிக்கு இறங்கும், அதற்குள் இதை முடிக்க வேண்டும். மார்ச்சில் நான் கிளம்பியபோது நீ கதவை அடித்துச் சாத்தியதை மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. முதலாளி விட்டேக்கரைப் பற்றி நீ நினைத்ததெல்லாம் தப்பு. டல்லஸில் இரண்டு தொழிற்சாலை வைத்திருக்கிற மனிதர், என்னோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். தலைமை வழிகாட்டி இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். "செப்டம்பர்ல பாத்துக்கலாம் லைல், ஒன்ன விட்டா எனக்கு யாரு?" என்று எல்லார் முன்னாலும் தோளில் தட்டிச் சொன்னார். அந்த இடம் கிடைத்தால் உன்னையும் சமையல் பொறுப்புக்கு அழைத்துக்கொள்ளலாம். மீன் ஆலையில் நின்று நின்று உன் கால் வீங்க வேண்டாம்.

படகு ஓட்ட ட்ரெஃபான் என்று அக்கரைக் கிராமத்து ஆள் ஒருவன் இருக்கிறான். நாற்பது வயதிருக்கும். ஏரியில் எந்தப் பாறை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான், ஆனால் விருந்தாளிகளிடம் நாலு வார்த்தை பேச வராது. வேலை அவனுடையது, பேச்சு என்னுடையது.

இப்போது விஷயம். என் ரிவால்வருக்குத் தோட்டா தீர்ந்துவிட்டது. ஆற்றோரம் கரடிகள் வந்துவிட்டன. வழக்கம் போல நீயே கையால் ஐம்பது அடைத்து அனுப்பு. அளவு அதே நாற்பத்தைந்துதான், ஆனால் போன தடவை போல இருமல் சத்தம் வேண்டாம். மருந்து கனமாக வேண்டும். முதலாளியும் ஒரு நாற்பத்தைந்து வாங்கியிருக்கிறார். எழுபது வருடத்துப் பழசு, வெள்ளிப் பூச்சு, தந்தக் கைப்பிடி. சாப்பாட்டு மேஜைக்கே இடுப்பில் கட்டிக்கொண்டு வருகிறார். பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
லைல்


கீனாய்
14 ஜூன் 1984

லைல்,

கதவை மறக்கவில்லை. கீல் கழன்றுவிட்டது, நான்தான் மாட்டினேன்.

சூப் குடிக்க இடுப்பில் ரிவால்வர் கட்டிக்கொண்டு வருகிற ஆளைப் பார்க்க நான் ஏன் இருந்திருக்க வேண்டும்? இந்த ஆலைக்கும் அப்படி நாலு பேர் வந்தார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது. மீன் குடலை வழிக்கிற வரிசையில் நின்று எங்களைப் படமெடுத்தார்கள். ஒருத்தன் என்னிடம், "இந்த நாத்தம் ஒங்களுக்குப் பழகிடுமா?" என்று கேட்டான். "ஒங்க நாத்தம் பழகல, மீன் நாத்தம் பழகிடுச்சு" என்றேன். மேற்பார்வையாளர் அரை நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உன் முதலாளி அந்த ஜாதிதான். ஒரே மேஜையில் சாப்பிடுகிறார் என்று எழுதுகிறாயே, தட்டை யார் கழுவுகிறார்கள் என்றும் எழுது.

தோட்டா அடைப்பேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பதில் வேண்டும்.

நான்கு வருடம் நான் கீழறையில் தோட்டா அடைக்கிற பிரஸ்ஸின் நெம்புகோலை இழுத்துக்கொண்டிருந்தபோது நீ மேலே டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் உனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். வெடிமருந்து அளவுப் புத்தகத்தில் நாற்பத்தைந்துக்கு இரண்டு அட்டவணை இருக்கிறது. முதலாவது எல்லாத் துப்பாக்கிக்கும். இரண்டாவதற்கு மேலே தடித்த எழுத்தில், தோட்டா நுழைக்கும் உருளை கனமாக உள்ள புதிய ரிவால்வர்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கும். நம் கல்யாண வருடத்தில் ஜோடியாக வாங்கினோமே, உன்னுடையதும் என்னுடையதும், அவை அந்தக் கனத்த ஜாதி. உன் முதலாளியின் வெள்ளிப் பொம்மை அப்படியில்லை. அந்தக் காலத்து இரும்பு, அந்தக் காலத்து மருந்துக்குச் செய்தது. உருளையின் சுவர் தகர டப்பா மாதிரி இருக்கும்.

ஆனால் இரண்டிலும் ஒரே தோட்டா நுழையும். அதுதான் ஆபத்து. நுழையாது என்றால் பிழைத்தோம். அழகாக நுழையும், உருளை சுற்றும், குதிரை விழும், அப்புறம் சுடுகிறவனுக்குக் கை இருக்காது.

எந்தத் துப்பாக்கிக்கு? தெளிவாக, உன் கையெழுத்தில் எழுது. அதுவரை மருந்து டப்பாவைத் திறக்க மாட்டேன்.

டார்லா


வில்லோ ஏரி
20 ஜூன் 1984

அன்புள்ள டார்லா,

உன் கடிதம் வந்தது. கடிதமா, காவல் நிலைய விசாரணையா என்று தெரியவில்லை.

என் துப்பாக்கிக்கு மட்டும். போதுமா? மறுபடியும் எழுதுகிறேன்: என் துப்பாக்கிக்கு மட்டும். முதலாளியுடையது அலங்காரப் பொருள், அதில் அவர் சுட்டதே இல்லை.

இன்னொன்று. பெட்டிமேல் நீ ஒட்டுகிற அந்த நீளமான சீட்டு வேண்டாம். என்ன மருந்து, எவ்வளவு, என்ன குண்டு, எந்தத் தேதி, "அடைத்தது டார்லா" என்று ஒரு புராணம். போன வாரம் முதலாளி என் காலிப் பெட்டியைக் கையில் எடுத்துப் படித்துவிட்டார். "லைல், கரடி வந்தா நீ சுடுவியா, இல்ல ஓம் பொண்டாட்டிய கூப்பிடுவியா?" என்றார். ஹூஸ்டன் டாக்டர் ஒருவர் சிரித்துச் சிரித்து விஸ்கியைக் கொட்டிவிட்டார். ஒருத்தர் அடைத்த தோட்டாவை இன்னொருத்தர் சுடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் விதி, அது உனக்கும் தெரியும். அதனால் அந்தச் சீட்டு பழையது, இப்போது நானேதான் அடைக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். என் மானத்தையும் கொஞ்சம் பார்.

மனைவி இன்னொருத்தர் ஆக மாட்டாள், இல்லையா?

அன்புடன்,
லைல்


கீனாய்
9 ஜூலை 1984

லைல்,

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சிவப்பு சால்மன் மலை மாதிரி வந்து குவிகிறது. அதற்கு நடுவில் உன் மானத்துக்காக மூன்று ஞாயிறைச் செலவழித்தேன். எதற்காக என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

ஐம்பதும் இதில் இருக்கின்றன. எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், நீதான் செய்ததாகப் பொய் சொல்லும்போது உதவும். இரண்டாவது அட்டவணையில் உன் குண்டின் எடைக்கு நேரே, அதிக அளவு போட்டிருக்கிற கடைசி வரியில் அல்ல, ஆகக் குறைந்த அளவுள்ள முதல் வரியில் ஆரம்பித்தேன். ஐந்து தோட்டா. சரளைக்கல் குழிக்குப் போய் என் துப்பாக்கியில் சுட்டேன். கூடு தானாக வழுக்கி வெளியே வருகிறதா, அடியில் தீப்பொறி தருகிற கேப் அழுத்தம் மிஞ்சித் தட்டையாகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு கொஞ்சம் கூட்டி இன்னொரு ஐந்து. அப்படியே ஏறி, கடைசி வரிக்கு இரண்டு படி கீழே நிறுத்திவிட்டேன். கடைசி வரி வரைக்கும் போகிறவன் புத்தகத்தை நம்புகிறவனில்லை, சவால் விடுகிறவன். கரடிக்கு இந்த இரண்டு படி வித்தியாசம் தெரியாது. உன் விருந்தாளிகளுக்கும் தெரியாது.

ஒவ்வொரு அளவையும் தராசில் நிறுத்தேன். குண்டை வைத்து மூடுமுன் ஐம்பது கூட்டையும் தட்டில் நிற்கவைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டம். எதிலும் இரண்டு தரம் விழவில்லை.

சீட்டு ஒட்டியிருக்கிறேன். நீ கிழித்துவிடுவாய் என்று தெரியும். அதனால் ஐம்பது தோட்டாவின் அடியிலும் நகப்பூச்சு வைத்திருக்கிறேன். சிவப்பு. கிழிக்க முடியாது. சிவப்பு என்றால் கனத்த துப்பாக்கிக்கு மட்டும். உன்னைச் சுற்றியிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இதைச் சொல்லிவிடு. படகோட்டிக்கு, சமையல்காரிக்கு, அந்தக் குடிகார டாக்டருக்கும்.

அலமாரியில் உன் பக்கத்தைக் காலி செய்யவில்லை. இதை அன்பு என்று எடுத்துக்கொள்ளாதே, நேரம் கிடைக்கவில்லை. செப்டம்பரில் வருவாயா என்று மட்டும் எழுது.

டார்லா


வில்லோ ஏரி
18 ஜூலை 1984

என் அன்பான டார்லா,

பிரமாதம். முதல் தோட்டா வெடித்ததும் டாக்டர் கையில் இருந்த காப்பி சிந்திவிட்டது. முதலாளி எழுந்து வந்து கை கொடுத்தார். "இது சத்தம்! இது ஆம்பளத் துப்பாக்கி!" என்றார். செப்டம்பர் விஷயம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான்.

உன் நகப்பூச்சுதான் எல்லாருக்கும் வேடிக்கை. "என்ன லைல், தோட்டாவுக்கு உதட்டுச் சாயம் எல்லாம் கிடையாதா?" என்று ஒரே கேலி. என்ன சொல்வது? ஈரம் ஏறாமல் இருக்கப் பூசியது என்றேன். சிலர் அப்படியும் பூசுவது உண்டுதானே. அடங்கிவிட்டார்கள். நம்ம ட்ரெஃபான் சும்மா இருக்க மாட்டானே, படகில் தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேட்கிறான்: "அண்ணே, அந்தச் செவப்பு எதுக்கு? எங்க ஊர்ல இப்படி வச்சா, வேற துப்பாக்கியில போடாதேன்னு அர்த்தம்." அவனுக்கு இருக்கிற மூளையைப் பார்! "ஈரத்துக்குடா. நீ படக ஓட்டு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான்.

முதலாளிக்கும் தன் துப்பாக்கியில் நாலு சுட்டுப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. விருந்தாளிகள் உசுப்பேற்றுகிறார்கள். பார்க்கலாம்.

செப்டம்பரில் கட்டாயம் வருவேன். அலமாரிக்கு நன்றி.

உன்,
லைல்


கீனாய்
20 ஜூலை 1984, வெள்ளி

லைல்,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. ஷிப்டுக்கு நடுவில், ஏப்ரன்கூடக் கழற்றாமல் இதை எழுதுகிறேன். தாளில் மீன் செதில் இருந்தால் பொறுத்துக்கொள்.

பார்க்கலாம் என்றால் என்ன? என்ன பார்க்க இருக்கிறது?

அந்த ட்ரெஃபானுக்கு உன்னைவிட அறிவு இருக்கிறது. அவன் சரியாகக் கேட்டான். நீ அந்த அறிவை அவன் மண்டையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டாய். இதைப் படித்து முடித்ததும் நேராக அவனிடம் போ. "நான் பொய் சொன்னேன், அது என் பொண்டாட்டி வச்ச அடையாளம், பழைய துப்பாக்கியில போட்டா வெடிச்சிடும்" என்று சொல். முதலாளியிடமும் சொல். உனக்கு வெட்கமாக இருந்தால் மிச்சமிருக்கிற தோட்டாவை ஏரியில் கொட்டு. என் மூன்று ஞாயிறு போனால் போகட்டும்.

அவர் சுடத்தான் வேண்டும் என்றால் முதல் அட்டவணையில் அடைத்து அனுப்புகிறேன். அதற்கும் முன்னால் அந்தப் பழைய துப்பாக்கியைத் துப்பாக்கி பழுது பார்க்கிறவன் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் பொறுக்கச் சொல். டல்லஸ்காரனுக்கு இரண்டு வாரம் பொறுக்கத் தெரியாதா?

உடனே பதில் எழுது.

டார்லா


வில்லோ ஏரி
1 ஆகஸ்ட் 1984

அன்புள்ள டார்லா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சனிக்கிழமை ஒரு விபத்து நடந்துவிட்டது.

போன புதன் மூடுபனி. தபால் விமானம் வரவில்லை. உன் கடிதம் இன்றுதான் என் கைக்கு வந்தது. நான்கு நாள் முன்னால் வந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் படகுத்துறையில் நின்றோம். முதலாளி தன் துப்பாக்கியை எடுத்தார். "லைல், ஒன்னோட அந்தச் செவப்புல ஆறு குடு" என்றார். பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்திருக்க முடியும், சொல்? கொடுத்தேன். அவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "டேய் ட்ரெஃபான், நீ மொதல்ல சுடு. எப்படி ஒதைக்குதுன்னு பாப்போம்" என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மூன்று குண்டு நன்றாகவே போனது. எல்லாரும் கை தட்டினார்கள். நான்காவதில் உருளையின் மேல்பாதி இல்லை. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வலது கண் பிழைக்குமா என்று ஆங்கரேஜில்தான் சொல்வார்கள். மிதவை விமானத்தில் கொண்டுபோனார்கள்.

முதலாளிக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மிகவும் உடைந்துபோயிருக்கிறார், அந்தத் துப்பாக்கி இனி கிடைக்காது.

இப்போது விசாரணை வரும். அதனால் ஒரு உதவி. நீ இரண்டு வரி எழுதித் தர வேண்டும். தோட்டா அடைத்தது நீதான், வேலைக் களைப்பில் ஒன்றிரண்டில் மருந்து இரண்டு தரம் விழுந்திருக்கலாம் என்று. "இருக்கலாம்" என்றால் போதும். பொம்பளை, வீட்டுக் கீழறையில் செய்தது, கைதவறிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். என்னைப் போல வழிகாட்டிக்கு அப்படியில்லை, உரிமத்தையே பிடுங்கிவிடுவார்கள். அடைத்தது நீ என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன், அவரும் இதைத்தான் சொல்கிறார். "ஓம் பொண்டாட்டி நல்லவள்னு சொல்லுவியே லைல், இப்ப பாப்போம்" என்கிறார். செப்டம்பர் பற்றி இன்னும் பேசவில்லை, ஆனால் கதவு மூடவில்லை.

ட்ரெஃபானைப் பற்றிக் கவலைப்படாதே. அவர்கள் ஆட்கள் தாங்கிக்கொள்வார்கள்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டிய நேரம் இது.

உன்னையே நம்பியிருக்கும்,
லைல்


கீனாய்
17 ஆகஸ்ட் 1984

லைல்,

உன் இரண்டு வரியை எழுத உட்கார்ந்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே உட்கார்ந்தேன். களைப்பாக இருந்தேனா? இருந்தேன். நாற்பத்தொன்பது கூட்டைப் பார்த்துவிட்டு ஐம்பதாவதில் கண் அசந்திருக்குமோ? இரண்டு வாரம் அந்தக் கேள்வியோடு மீன் வெட்டினேன். ஒரு மனிதனின் விரலை நான்தான் எடுத்தேனோ என்று ஒவ்வொரு மீனிலும் தோன்றியது. நீ எனக்குக் கொடுத்த பரிசு அது.

நேற்று ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். மட்ரோனா. ட்ரெஃபானின் அக்கா. ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீதான் அடைச்சியா?" என்றாள். "ஆமா" என்றேன். பையிலிருந்து ஒரு காப்பி டப்பாவை எடுத்துச் சமையல் மேஜைமேல் வைத்தாள். உள்ளே பதினான்கு தோட்டா. அடியில் என் சிவப்பு. ஏரியில் கொட்டச் சொல்லி உன் முதலாளி அவள் தம்பி மகனிடம் கொடுத்தாராம். அவர்கள் ஆட்கள் எதையும் தாங்கிக்கொள்வார்கள் என்றாயே, எதையும் தூக்கியெறிய மாட்டார்கள் என்று உனக்குத் தெரியாதா?

அவள் கண் முன்னாலேயே பதினான்கையும் பிரித்தேன். குண்டைக் கழற்றி, மருந்தைத் தராசில் கொட்டினேன். முதலாவது சரி. இரண்டாவது சரி. ஆறாவதுக்கு அப்புறம் அவளே முள்ளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்: "அதே எடம். அதே எடம்." பதினான்கும் அதே இடம். துறையில் வெடித்ததை இனி நிறுக்க முடியாது. ஆனால் அதற்கு இரண்டு தரம் விழுந்த மருந்து தேவையே இல்லை. சரியாக அடைத்த தோட்டா, தப்பான துப்பாக்கி. ஜூனிலேயே எழுதினேன்.

அப்புறம் காப்பி போட்டேன். குடித்துக்கொண்டே நான், "மூடுபனி மட்டும் இல்லாம இருந்திருந்தா" என்றேன்.

"எந்த மூடுபனி?"

"போன மாசம் இருபத்தஞ்சாம் தேதி, புதன்கிழமை. வெமானம் வரலியாமே."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு வெயிலு மண்டையப் பொளந்துச்சு. வெமானம் பத்தரைக்கே வந்துருச்சு. அக்கரைத் தபால் பெட்டி என் பொறுப்புதான், விடுதித் தபாலும் அதுலதான், பன்னெண்டு வருசமா. ஒன் கடுதாசிய நான்தான் அவன் கையில குடுத்தேன். ஒறையில மீன் செதிலு ஒட்டியிருந்துச்சு, அதான் ஞாபகம். துறையில நின்னுக்கிட்டே கிழிச்சான். ரெண்டு பக்கமும் படிச்சான். மடிச்சுச் சட்டைப் பையில வச்சான்."

"ஒன்னும் சொல்லலியா?"

"சொன்னான். 'பொம்பளைங்க' அப்படின்னான். ட்ரெஃபான் பக்கத்துல நின்னு படகுக்கு எண்ண ஊத்திக்கிட்டு இருந்தான்."

லைல், புதன் படித்தாய். வியாழன் இருந்தது. வெள்ளி இருந்தது. அவன் உனக்கு இரண்டு கை தூரத்தில், தினமும், அதே படகில். சனிக்கிழமை துப்பாக்கியை வாங்கியதும் அவன் உன்னைத் திரும்பிப் பார்த்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். எதற்குப் பார்த்தான் என்று நினைக்கிறாய்? அவனுக்குத் தெரியும். அவன் ஊர் வழக்கம் அவனுக்குச் சொன்னது. ஈரத்துக்கு என்று நீ சொன்னதை இன்னொரு தரம் உன் முகத்தில் தேடினான். அப்போதும் என் கடிதம் உன் சட்டைப் பையில் இருந்தது.

உன்னை இத்தனை நாள் கோழை என்று நினைத்திருந்தேன். கோழைக்குப் பயம் என்று ஒன்றாவது இருக்கும். உனக்கு இருந்தது பதினோரு பேர் முன்னால் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஒரு கண், இரண்டு விரல். அதையும் உன்னுடையதாகக் கொடுக்கவில்லை. உன் முதலாளியும் முதலில் தன் கையை நீட்டவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுவது சரிதான். நான்தான் புரியாமல் கேலி செய்துவிட்டேன்.

கண் போய்விட்டது. அவள் சொன்னாள். நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ எனக்கு எழுதிய நான்கு கடிதங்களையும் மட்ரோனாவிடம் கொடுத்துவிட்டேன். "என் துப்பாக்கிக்கு மட்டும்" என்று இரண்டு தரம் எழுதினாயே, அது. ஈரத்துக்கு என்று சிரித்தாயே, அது. மூடுபனி. இரண்டு வரி. நான் உனக்கு எழுதியவற்றுக்கு என்னிடம் நகல் இல்லை, ஆனால் உன் கடிதங்களே அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. விசாரணைக்கு நானும் வருவேன். தராசையும் தூக்கிக்கொண்டு வருவேன்.

அலமாரியில் உன் பக்கத்தைக் காலி செய்துவிட்டேன். அதற்கு நேரம் கிடைத்தது.

இத்துடன் ஐம்பது தோட்டா அனுப்பியிருக்கிறேன், கரடி இன்னும் இருக்கும் அல்லவா? முதல் அட்டவணை, முதல் வரி. புத்தகத்தில் இதைவிட மெதுவானது கிடையாது. எந்தத் துப்பாக்கியும் தாங்கும், யார் கையில் கொடுத்தாலும் இருமும், அவ்வளவுதான். அடியில் நிறம் எதுவும் பூசவில்லை. யாரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள், நீ எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

சீட்டு ஒட்டியிருக்கிறேன். அடைத்தது டார்லா. கிழிக்காதே.

டார்லா